மாப்பிள்ளையின் கழகம்

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குக் குடிபோக வேண்டும். நான் பிறந்த ஊர் கல்முனைக்கு வடக்கே, மனைவியின் ஊர் தெற்கே. பஸ்ஸில் ஏறி மிச்சக் காசு வாங்குவதற்குள் இறங்கிவிடலாம். பிறந்த ஊர் உதைபந்தாட்டக் கழகத்தில் முன்வரிசையில் நின்று கோல் அடித்துக்கொண்டிருந்தவன், உடுப்புப் பெட்டியையும் பூட்ஸையும் தூக்கிக்கொண்டு இங்கே வந்தேன். கலியாண விருந்தான வலீமா சாப்பாடு செரிக்கும் முன்பே மச்சான்மார் என்னைத் தங்கள் கழகத்தில் சேர்த்துவிட்டார்கள். பெண் தந்ததே அதற்காகத்தான் என்று மனைவி இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள்.

முழங்கால் போகும்வரை ஆடினேன். போன பிறகு முகாமையாளர் ஆனேன். சம்பளமில்லாத அந்த வேலைக்கு வேறு ஆள் அகப்படவில்லை. கிழிந்த வலையைக் கட்டுவது, ஜேர்சி துவைப்பது, நடுவருக்குச் சோடா வாங்குவது எல்லாமே முகாமையாளரின் பாடுதான். இத்தனை செய்தும் ஊரில் எனக்கு ஒரே பெயர், மாப்பிள்ளை. வென்றால் எங்கட மாப்பிள்ளை. தோற்றால் அந்த ஊரிலிருந்து வந்த மாப்பிள்ளை. ஸ்கொட்லாந்தில் பிறந்து, ஆடி ஓய்ந்து, இங்கிலாந்துக் கழகத்தை நடத்துகிறவர்களைத் தொலைக்காட்சியில் பார்க்கும்போது எரிச்சல் வரும். அவர்களிடம் யாராவது இப்படிக் கணக்குக் கேட்கிறார்களா?

போன வருடம் கடைசி ஆட்டம் என் பிறந்த ஊரோடு வந்து விழுந்தது. தோற்றால் கழகம் கீழ்ப் பிரிவுக்கு இறங்கும், சமனாக முடித்தால் தப்பும். எனக்கு அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. இதில் தோற்றால், இவ்வளவு காலமும் நான் அவர்களுடைய ஆள்தான் என்று ஊர் முடிவு கட்டிவிடும்.

அஸர் தொழுதுவிட்டுச் சனம் மைதானத்தைச் சுற்றி நிறைந்திருந்தது. அவர்கள் முதலில் ஒரு கோல் போட்டார்கள். ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் எங்களுக்குப் பெனால்டி கிடைத்தது. வழக்கமாக அடிப்பவன் காலைப் பிடித்துக்கொண்டு வெளியே கிடந்தான். எதிரே கோல் காத்தவன் என் கூடப்பிறந்த மூத்த காக்காவின் மகன். நான் எங்கள் அணியில் ஆடிக்கொண்டிருந்த என் மகனைக் கைகாட்டினேன். அவன் இந்த ஊரில் பிறந்தவன், உம்மாவின் ஊர்தான் அவனுக்கும் ஊர், அவனை எவரும் வந்தவன் என்று சொல்ல முடியாது என்று நினைத்தேன். அடிப்பதிலும் கெட்டிக்காரன்.

பந்து கம்பத்துக்கு மேலால் போனது. நடுவர் கடைசி விசிலை ஊதிவிட்டார். எனக்குப் பின்னால் நின்ற ஒருவர், கத்தக்கூட இல்லை, சாதாரணமாகச் சொன்னார்.

“மாப்பிள்ள மகனையும் பழக்கித்தான் வெச்சிரிக்காரு.”

நாலைந்து பேர் சிரித்தார்கள். மகனுக்கும் அது கேட்டிருக்க வேண்டும், தலையைத் தூக்காமல் நடந்தான். மச்சான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு மனம் விட்டுப்போனது. என்னோடு முடிய வேண்டிய பேச்சு அவன் தலையிலும் ஏறிவிட்டது. அந்தப் பக்கம் கொண்டாட்டம் நடந்தது. அந்தக் காலத்தில் என்னோடு ஒன்றாக ஆடியவர்களும் அங்கே நின்றார்கள். ஒருவராவது வந்து கைகொடுக்கவில்லை. அவர்களுக்கு நான் இந்த ஊர்க்காரன்.

மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தேன். இனி முகாமையாளர் வேலை இல்லை என்பது எவரும் சொல்லாமலே விளங்கிவிட்டது. மகன் வந்து பக்கத்தில் இருந்தான். இவனாவது என் பக்கம் என்று நெஞ்சு கொஞ்சம் ஆறியது. அவன் என் தோளில் கை வைத்து, உண்மையான இரக்கத்தோடு சொன்னான்.

“கவலப்படாதீங்க வாப்பா. உங்கட ஊர்தானே வெண்டிரிக்கி.”