ஐந்தாவது வார்த்தை

கம்ப்யூட்டரைக் கண்டு எனக்குப் பயமே இல்லை என்று பீற்றிக்கொண்டு திரிந்த காலம். தொண்ணூறுகளின் தொடக்கம். மலேசியாவில் ரெம்பாவ் பக்கத்தில் ஒரு செம்பனை எண்ணெய் மில்லில் நான் சின்னக் கிராணி, அதாவது குமாஸ்தா. சிரம்பானில் ஆறு மாதம் வகுப்புக்குப் போய் வந்தவன் என்பதால், ஆபீசிலிருந்த கறுப்புத்திரை மெஷினை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

மானேஜருக்காக அதில் ஒரு கட்டளை எழுதினேன். அதைத் தட்டினால் பாய்லரின் நிலவரம் ஒரே வரியில் வரும்: ஷிப்டில் நிற்பவர் பெயர், நீராவி அழுத்தம், தண்ணீர் நூற்றுக்கு எவ்வளவு. பார்க்க லட்சணமாக இருக்கும். மானேஜர் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. யாரும் கேட்காமலே இன்னொன்றும் செய்தேன். அந்த வரியை மெஷினே நிமிடத்துக்கு ஒருமுறை படித்து, தண்ணீர் குறைந்தால் பாய்லர் கொட்டகையில் மணி அடிக்கும்.

மனிதக் கண்ணுக்கு எழுதிய வரியை மெஷின் எப்படிப் படிக்கும்? வார்த்தைகளை எண்ணித்தான். ஐசி என்கிற அடையாள அட்டையில் உள்ளபடி முழுப்பெயரைத் தட்டிவிட்டுத்தான் ஷிப்டில் நிற்க வேண்டும். தமிழருக்குச் சொந்தப் பெயர், மகன் என்பதற்கு 'ஏ/எல்', அப்பா பெயர். மலாய்க்காரருக்கு அதே இடத்தில் 'பின்'. சீனருக்கும் மூன்று. ஆக, பெயருக்கு மூன்று வார்த்தை, நான்காவது அழுத்தம், ஐந்தாவது தண்ணீர். ஐந்தாவது வார்த்தை நாற்பதுக்குக் கீழே போனால் மணியடி என்று எழுதினேன். மூன்று மாதம் ஒழுங்காக அடித்தது. பாய்லரின் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டத்தை எட்டி எட்டிப் பார்த்தவர்கள், அதுதான் மணி இருக்கிறதே என்று பார்ப்பதைக் குறைத்துக்கொண்டார்கள்.

பிறகு என் தங்கை புருஷன் லுக்குட் பக்கத்து மில்லிலிருந்து எங்களிடம் பாய்லர்மேனாக மாற்றலாகி வந்தார். தங்கைக்கு அப்போது ஏழு மாதம்.

அவருடைய முதல் காலை ஷிப்ட். பத்து மணித் தேநீருக்கு எழுந்தவன், மெஷின் குறித்து வைத்திருந்த தண்ணீர் மட்டத்தைச் சும்மா பார்த்தேன். 287. 291. 290. நூற்றுக்கு இருநூற்றுத் தொண்ணூறு எப்படி வரும்? கட்டளையைத் தட்டினேன். வரி அழகாக வந்தது. பெயரில் நான்கு வார்த்தை. மாப்பிள்ளை கிறிஸ்தவர், எங்கள் குடும்பத்தில் அவர் ஒருவர்தான்; ஞானஸ்நானப் பெயர் முன்னால் நின்றது. எல்லாம் ஓரிடம் தள்ளிப்போய், ஐந்தாவது இடத்தில் அழுத்தம் உட்கார்ந்திருந்தது. அதைத்தான் மெஷின் தண்ணீர் என்று காலையிலிருந்து நம்பிக்கொண்டிருந்தது. உண்மையான தண்ணீர் ஆறாவது இடத்தில்: 19.

தண்ணீர் வற்றிய பாய்லரில் நெருப்பு எரிந்தால் குழாய் வெடிக்கும், முன்னால் நிற்கிறவன் வெந்துபோவான். போன் அடித்தேன். அந்த இரைச்சலில் யார் காதில் விழும்? செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினேன். செம்பனைக் குலை இறக்கிக்கொண்டிருந்த லோரிக்காரர்கள் சிரித்தார்கள். ஒவ்வொரு அடிக்கும் வெடிச்சத்தம் கேட்கப்போகிறது என்றே நினைத்தேன். தங்கையிடம் என்ன சொல்வேன் என்றும் நினைத்தேன்.

மாப்பிள்ளை அடுப்புக்குள் எரிக்கிற செம்பனை நாரைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"மாப்ள, தண்ணி! கிளாஸ பாருங்க!"

"மணி அடிக்கலயே மச்சான்!"

சட்டைக் கையால் கரியைத் துடைத்துப் பார்த்தார். கண்ணாடியின் அடியில் ஒரு விரற்கடைத் தண்ணீர்தான் ஆடிக்கொண்டிருந்தது. நார் தள்ளுவதை நிறுத்தி, நீளக் கொக்கியால் நெருப்பை வெளியே இழுத்துப் போட்டார். தண்ணீர் ஏற்றும் பம்ப் அடைத்துக் கிடந்தது. இரண்டாவது பம்பைத் திறந்தார். தண்ணீர் ஏறும்வரை நான் அங்கேயே நின்றேன். தைரியத்தால் இல்லை. ஓடிவிடலாம் என்றுதான் தோன்றியது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். கால் வரவில்லை. என் மணி அப்போதும் அடிக்கவில்லை.

அந்தக் கட்டளைக்கு இரண்டே நாளில் இன்னொரு வடிவம் எழுதினேன், மெஷின் மட்டும் படிக்க. ஒவ்வொரு விவரமும் தனி வரியில், முன்னால் அது இன்னதென்ற பெயரோடு. தண்ணீர் என்ற பெயரோடு வருவதுதான் தண்ணீர். அது வராவிட்டாலும், நூற்றைத் தாண்டினாலும் மணி அடிக்கும்.

மானேஜர் எட்டிப் பார்த்து முகம் சுளித்தார். "என்னா தம்பி இது, இவ்ளோ அசிங்கமா இருக்கு?"

"இது உங்களுக்கில்ல சார், மெஷினுக்கு."

சோதித்துப் பார்க்க மாப்பிள்ளையையே கூப்பிட்டேன். அவர் தன் பெயரைத் தட்டினார், நான்கு வார்த்தையும். தண்ணீரைக் குறைக்காமல் வரம்பை மட்டும் ஏற்றினேன். மணி அலறியது. இருவருக்கும் தூக்கிவாரிப் போட்டது.

சத்தம் அடங்கியதும் கேட்டார். "மத்த ஷிப்ட்ல எல்லாம் அடிச்சிச்சாம்லா. எனக்கு மட்டும் ஏன் மச்சான் அடிக்கல?"

வயர் கோளாறு என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. "உங்க பேர்ல நாலு வார்த்த, மாப்ள. மூணுதான்னு நெனச்சி எழுதிட்டேன்."

அவர் திரையில் தன் பெயரைப் பார்த்தார். கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"ஒங்க வீட்லயும் அப்படித்தானே மச்சான்," என்றார். "கல்யாணம் ஆயி ரெண்டு வருசம். என் மொத பேர இன்னிக்கி வரைக்கும் ஒருத்தரும் சொன்னதில்ல."