பூஜ்யத்தைத் தொடாத கோடு

அடையாறு ஆய்வுக்கூடம் ஒன்றில் ஜுவேரியாவுக்கு வேலை, நிறத்தை உறிஞ்சும் கரித்தொட்டியில் நிற்கும் சாயக் கழிவுநீரின் நிறத்தை மணிக்கொரு தரம் அளப்பது. நிறம் முதலில் மளமளவென்று குறையும். பிறகு தயங்கும். கடைசியில் கொஞ்சம் தங்கியே விடும். கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருந்த சமன்பாடு, வரைபடக் கோட்டை எப்போதும் பூஜ்யம் வரை இழுத்துக்கொண்டு போனது. அதனால் தங்கும் நிறத்துக்காக ஒரு எண்ணைக் கூட்டி, அவளே ஒரு சமன்பாடு எழுதினாள். கோடு அவள் அளந்து குறித்த புள்ளிகளோடு ஒட்டிக்கொண்டு போனது. பக்கத்து நாற்காலி ஸ்ரீலக்ஷ்மிக்கும் அதைச் சொல்லிக்கொடுத்தாள். ரம்ஜான் மாதத்தில் நோன்பிருக்கும் ஜுவேரியா எதிரே சாப்பிடக் கூசி, டிபன் பாக்ஸோடு மாடிக்குப் போய்விடுகிறவள் ஸ்ரீலக்ஷ்மி.

கருத்தரங்கில் ஸ்ரீலக்ஷ்மிதான் பேசினாள். திரையில் கோடு பூஜ்யத்தில் போய்ப் படுத்திருந்தது. கடைசிப் புள்ளிகளைக் காணோம். தொட்டி செய்த கம்பெனிக்காரர்கள் கைதட்டினார்கள்.

"என் புள்ளியெல்லாம் எங்கடி?" வராந்தாவில் ஜுவேரியா கேட்டாள்.

"நிறம் மிச்சம் நிக்கறதுன்னா அவா தொட்டியை யாருடி வாங்குவா? நோன்புல அசந்துபோய் நீ தப்பா அளந்துட்டேன்னு சார்ட்ட சொல்லிட்டேன். கோச்சுக்காதே."

ஜுவேரியா நேரே ஆய்வுக்கூடத் தலைவரான சாரின் அறைக்குப் போனாள். அவள் வாயைத் திறக்குமுன் அவர் எழுந்து மின்விசிறியை அவள் பக்கம் திருப்பினார்.

"பரவால்லம்மா. நோன்பு முடியட்டும், மறுபடி அளந்துக்கலாம்."

அடுத்த அளவெடுக்கும் நேரம் வந்தது. நோன்பு முடியும்வரை அவள் அளப்பதை யாரும் நம்பப்போவதில்லை; ஜுவேரியா தொட்டிப் பக்கம் போகவில்லை.