எல்லாருக்கும் நல்ல அத்தான்

மாலையில் சீரியல் நேரத்துக்கு எங்கள் மலைத்தோட்ட லயன் வீட்டில் உட்கார இடம் கிடைக்காது. பெரிய டிவி எங்களுடையதுதான். பக்கத்து வீட்டுச் சின்னம்மா தன் ஸ்டூலைத் தானே தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்.

இப்போது ஓடும் சீரியலில் கதாநாயகன் மனைவியின் முடியைப் பிடித்து இழுக்கிறான். அடுத்த காட்சியில் மண்டியிட்டுக் கண் கலங்குகிறான். அவ்வளவுதான், எங்கள் வீட்டுக் கூட்டம் உருகிவிடும்.

“கோவக்காரன்தான், ஆனா மனசு தங்கம்லா,” என்பார் சின்னம்மா.

“இவதான் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கணும்,” என்பாள் அம்மா.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன். அங்கே போனால் அக்காவின் நினைவு. குளிருக்குத் தன் காலை என் கால்மேல் வைத்துக்கொண்டு வெங்காயம் உரிப்பாள். அவள் அத்தானை விட்டுக் கிள்ளான் பட்டணத்துக்குப் போனதிலிருந்து எனக்கு எங்கள் வீடே பிடிக்கவில்லை.

அத்தான் காய்கறி லோரி ஓட்டுகிறார். பெர்த்தாம் தோட்டங்களிலிருந்து வரும்போது வீட்டுக்கு வீடு முட்டைக்கோஸ் கொடுப்பார். உடம்பு முடியாதவர்களைத் தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போவார். அவர் கேலி பேசினால் லயனே சிரிக்கும். நானும் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறேன். அக்கா வீங்கிய கன்னத்தோடு வந்து நின்றபோது முதலில் யாரும் நம்பவில்லை. நம்பிய பிறகு, “இவ ஏதாச்சும் பேசியிருப்பா” என்றார்கள். எங்களுக்கெல்லாம் அவருடைய சிரிப்பு, அவளுக்கு மட்டும் கை. அவரைக் கெட்டவர் என்று ஒப்புக்கொண்டால் அத்தனை வருடச் சிரிப்பை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? டிவியில் அவன் அழும்போது இவர்களும் அழுவது அதனால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அக்கா போன பிறகும் அவர் மாப்பிள்ளைதான். வந்தால் நல்ல நாற்காலி அவருக்கு, முதல் தேநீரும் அவருக்கு. அக்கா என்னிடம் போனில் ஒன்றுதான் கேட்டாள். “தீபாவளிக்கு வர்றேன் பாப்பா. அந்தாளை இனிமே வீட்டுல சேக்க மாட்டேன்னு அம்மா ஒரு வார்த்தை சொல்லட்டும்.”

அம்மாவிடம் கெஞ்சினேன். “சரி, நானே அவகிட்ட பேசுறேன்,” என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அக்காவின் கம்பளியைத் துவைத்துக் காயப்போட்டேன். வீடு முழுக்க அவள் குரல் கேட்கிற மாதிரியே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா அழைத்தபோது அத்தான் எங்கள் வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். நான் எழுவதற்குள் அம்மா போனை எடுத்துவிட்டாள்.

“வந்துரும்மா,” என்றாள். குரல் உடைந்தது. அவளும் ஏங்கிப்போய்த்தான் இருந்தாள். “இங்க யாரு வந்திருக்காரு தெரியுமா? இந்தா, நீயே பேசு.” முகமெல்லாம் சந்தோஷமாகப் போனை அத்தானிடம் நீட்டினாள்.

பாய்ந்து பிடுங்கினேன். “அக்கா, அக்கா” என்றேன். அவள் வைத்துவிட்டிருந்தாள்.

அம்மா அத்தானைப் பார்த்தாள். “பாவம்லா,” என்றாள், “எவ்ளோ ஆசையா இருந்தாரு.”

அதற்குப் பிறகு நான் எத்தனை முறை அழைத்தும் அக்காவின் எண் மணியடிக்கவில்லை.