விரதத்தில் தின்ற சார்டின்

சுங்கைப் பட்டாணி வீட்டில் மருமகள் சார்டின் மீன் டின்னைத் திறந்தாள். அந்த வாசனை என்னைச் சின்ன வயதில் நாங்கள் வாழ்ந்த பாலிங் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டுக்குக் கொண்டுபோனது.

தீமிதிக்காக அம்மா காப்புக் கட்டியிருந்தாள். வீடே விரதம். நான் மட்டும் நண்பன் வீட்டில் ஒளிந்து சார்டினும் சோறும் தின்றேன். தீயில் இறங்கிய அம்மாவின் பாதம் வெந்துபோனது.

"விரதம் கெட்டிருக்குலா," என்றாள் பக்கத்து வீட்டு அக்கா, எல்லோர் காதிலும் விழும்படி.

"நான் போன ஜென்மத்துல செஞ்ச பாவம்க்கா," என்று அம்மா தலை குனிந்தாள். நான் வாய் திறக்கவில்லை.

மறுவருடம் அவள் மீண்டும் காப்புக் கட்டியபோது பயந்துபோய், அழுதுகொண்டே சொல்லிவிட்டேன்.

அம்மா சிரித்துவிட்டாள். "நெருப்புன்னா சுடும்டா. வெந்தது என் காலு. வருசம் பூரா அதையே நெனச்சு நீயா நொண்டிக்கிட்டிருந்த?"

அந்த வருடம் நான் மீனைத் தொடவே இல்லை. அப்படியும் அவள் பாதம் கொஞ்சம் வெந்தது. பக்கத்து வீட்டு அக்கா மறுபடி அதையே சொன்னாள். அம்மா இம்முறை பாவக் கணக்கு எதுவும் பேசவில்லை. நிமிர்ந்து நடந்து, மாரியம்மன் முன் நின்று கும்பிட்டாள்.

கர்மவினையைப் பற்றிப் பிற்காலத்தில் நிறையப் படித்தேன். முதல் வருடமே வாய் திறக்காததை நினைத்து இன்றும் கூசுகிறேன். ஆனால் கும்பிடும்போதெல்லாம் முதலில் கண்ணில் தெரிவது அம்மாவின் அந்த நடைதான்.