விடுவிக்க ஆளில்லாதவள்

யாங்கூனின் மிங்கலா தாங்ஞுன்டில் பிறந்த விஜயகுமாரி, மலேசியாவின் சரவாக்கில் மரப்பலகை ஆலை வேலைக்குப் போன இடத்தில் இம்பாங்கைக் கட்டிக்கொண்டாள். அவன் இபான், போர்னியோத் தீவின் தாயாக் பூர்வகுடிகளில் ஒருவன். ஆற்றோரம், ஒரே கூரையின் கீழ் ஊர் முழுவதும் வாழும் நீளவீட்டில் அவளும் ஒருத்தியானாள். அறுவடை விருந்தில் வந்தவர்களுக்கெல்லாம் அரிசிக் கள் ஊற்றிக் கொடுத்தாள்.

வேலை பெர்மிட் காலாவதியானதும் அவளைச் சோதனையில் பிடித்து யாங்கூனுக்கு அனுப்பிவிட்டார்கள். திரும்பிப் போகத் தடை. அந்த மழைக்காலத்திலேயே, வெட்டிய மரம் சாய்ந்து இம்பாங் செத்தான்.

அவன் அக்கா சுலாவ்தான் போனில் சொன்னாள்.

"உன் கல்யாணத் துணி என்கிட்ட இருக்கு. உனக்குப் பதிலா அதை வெச்சுச் சடங்கு செஞ்சு நான் உன்னை விடுவிக்கிற வரைக்கும் நகை போடாதே, வேற கல்யாணம் நினைக்காதே. இல்லேன்னா அவனால நிம்மதியாப் போக முடியாது."

விஜயகுமாரி கறுப்பு லோஞ்சி கட்டிக்கொண்டு பபேடான் கடைத்தெருவில் துணிக்கடை வேலைக்குப் போனாள். அடுத்த அறுவடைக்குப் பிறகு சடங்கு என்றாள் சுலாவ். பிறகு அதற்கடுத்த அறுவடை என்றாள்.

இதற்கிடையில் பக்கத்து ஊரான மாவ்பியிலிருந்து சரக்கு எடுக்க வரும் முரளிதரன் பெண் கேட்டான். அவளுக்கும் அவனைப் பிடித்திருந்தது. ஆசையோடு சுலாவை அழைத்தாள்.

மறுமுனையில் அழுகை. "நீளவீடே எரிஞ்சுபோச்சு. உன் துணியும் போச்சு. ஆளுக்கொரு ஊராப் பிரிஞ்சுட்டோம். இனி யாரைக் கூட்டிச் சடங்கு செய்வேன்? நீ நேர்ல வந்தாத்தான் வழி."

அவளால் போக முடியாது.

"பதினாறு கும்பிட்டாச்சு, அது போதும்டி," என்றாள் அம்மா தைலம்மாள். "கடல் தாண்டி வந்து யாரு கேக்கப் போறா?"

"யாரும் கேக்க மாட்டாங்கம்மா. ஆனா அவரு எங்கேயும் போகாம நின்னுட்டிருப்பாரு. நான் எப்படித் தாலி கட்டிக்கிறது?"

தைலம்மாள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

முரளிதரன் தைப்பூசம் வரை காத்திருந்தான். சித்திரையில் அவனுக்கு வேறிடத்தில் கல்யாணம் நடந்தது. அதன் பிறகு அவன் அந்தக் கடைப்பக்கம் வரவில்லை.

சுலாவின் எண்ணும் செத்துவிட்டது. சில மாதங்கள் அதையே அழுத்திப் பார்த்த விஜயகுமாரி, இப்போது அதையும் விட்டுவிட்டாள்.