பயர்மேன் வீட்டில் பகல் தூக்கம்

யுத்தம் நடந்த வருஷங்களில் என் கணவர் விழுப்புரம் லோகோ ஷெட்டில் பயர்மேனாக இருந்தார். கூட்ஸ் வண்டிகள் பெருகிப் போனதால் ராத்திரி டியூட்டி ஓயாது. விடிந்தபின் வீட்டுக்கு வந்து, குளித்துச் சாப்பிட்டுப் படுப்பார். தூக்கம் மட்டும் வராது. கண் இரண்டும் மிளகாய்த் தூள் பட்டதுபோலச் சிவந்து கிடக்கும். ஓடுகிற இன்ஜினில் கரி அள்ளிப் போடுகிறவர் ஒரு நிமிஷம் கண்ணயர்ந்தால் என்ன ஆகும் என்று எனக்கு ஒரே பயம்.

நான் சும்மா இருக்கிற பிறவி இல்லை. கசகசாவை அரைத்துப் பாலில் கலந்து கொடுத்தேன். உள்ளங்காலில் விளக்கெண்ணெய் தேய்த்தேன். ஜன்னலில் சாக்கைக் கட்டிப் பட்டப்பகலை இருட்டாக்கினேன். மனுஷர் புரண்டு புரண்டு படுத்ததுதான் மிச்சம்.

எங்களுக்கு மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. வாய் ஓயாது. பக்கத்து வீட்டுக்காரி ஒரு நாள் சொன்னாள்: "பாப்பா ஆட்டம் போட்டுக்கினே கீது, அண்ணன் எப்புடிக்கா தூங்குவாரு? கொஞ்ச நாளு உங்க அம்மா வூட்ல வுட்டுட்டு வாயேன்."

எனக்கும் அதுவே சரியென்று பட்டது. எங்கள் பின்சுவரை ஒட்டினாற்போல பெட்டிகளைத் தள்ளிச் சேர்க்கிற ஷன்டிங் இன்ஜின் நாள் முழுக்க ஊதிக்கொண்டு போகும், வரும். சுவர் அதிரும். ரயில்வே குடும்பங்களுக்கு அது காதில் விழுவதே இல்லை. குழந்தையின் பேச்சுதான் எனக்குச் சத்தமாகத் தோன்றியது. என் புத்தியை என்னவென்று சொல்வது.

"அது பாட்டுக்கு இருந்துட்டுப் போவட்டும். அது இல்லன்னா வூடு வூடாவே இருக்காது" என்றார் அவர்.

"நீங்க பேசாம இருங்க. நல்லா தூங்க ஆரம்பிச்சதும் கூட்டிக்கினு வந்துடலாம்" என்று அவர் வாயை அடைத்தேன்.

திண்டிவனத்தில் என் அம்மாவிடம் குழந்தையை விட்டுவிட்டு, அடுத்த வண்டியிலேயே திரும்பினேன். இரண்டாம் வாரம் அந்தத் தெருவில் வாந்திபேதி கண்டது; குழந்தைக்கும் தொற்றியது. தகவல் கிடைத்து நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அதற்கப்புறம் வீட்டில் சத்தமே இல்லை. அப்போதும் அவர் தூங்கவில்லை. துக்கத்தினால் என்று நினைத்தேன். ஒரு மாதம் கழித்து ஷெட்டில் தலைசுற்றி விழுந்தவரை ஆஸ்பத்திரியில் காட்டினோம். பகலில் தூக்கமே வருவதில்லை என்று சொன்னதும் கம்பவுண்டர் எடுத்த எடுப்பில், "டியூட்டி முடியற நேரத்துல இன்னா குடிக்கிறீங்க?" என்று கேட்டார்.

"டீதாங்க. விடியக்காத்தால மூணு கிளாஸ், நாலு கிளாஸ் குடிப்பேன். கண்ணு சொருவாம இருக்கணுமில்ல."

"அப்புறம் எப்புடிங்க பகல்ல தூக்கம் வரும்? டியூட்டி ஏறும்போது ஒண்ணு குடிங்க, அதோட நிறுத்திக்கோங்க. தெனம் வந்ததும் ஒரே நேரத்துல படுங்க."

அவ்வளவுதான் வைத்தியம். இத்தனை நாளில் அந்த ஒரு கேள்வியை நான் அவரிடம் கேட்டதில்லை.

பத்து நாளில் அவருக்குத் தூக்கம் வந்துவிட்டது. ஒரு மத்தியானம் அவர் படுத்திருந்த அறை வாசற்படியில் நின்று பார்த்தேன். வாயைப் பிளந்துகொண்டு தூங்கினார். எனக்கு ஆத்திரம் பொங்கியது. அவர்மேல் இல்லை, என்மேல்தான். அடுப்படியில் இருந்த பித்தளைக் குடத்தைத் தூக்கித் தரையில் போட்டேன். அவர் புரண்டுகூடப் படுக்கவில்லை.

என் குழந்தை அந்த அறையிலேயே ஓடி விளையாடியிருக்கலாம்.