சுண்ணாம்புக்கு அடியில் இருந்த பெயர்

மலேசியாவில், பத்தாங் காலியில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறேன். இரண்டு வருடங்களுக்கு முன் வயதான வெள்ளைக்கார அம்மா ஒருவர் கடைக்கு வந்தார். அவருடைய குடும்பப் பெயர் திரெலிக். இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில் ஓரிரு கிராமங்களில் மட்டும் இருந்த பெயராம்; இப்போது அவர் ஒருவர்தான் மிச்சமாம். தாத்தாவின் தம்பி இந்தப் பக்கம் ஏதோ ரப்பர் தோட்டத்தில் இறந்துபோனாராம். கல்லறையைத் தேடி வந்திருந்தார்.

“அப்படி யாரும் இங்க இல்லலா, மேடம்” என்று அனுப்பிவிட்டேன்.

அந்த வருடம் தீபாவளிக்கு முன்பு, நாங்கள் முன்னர் குடியிருந்த தோட்டத்து இடுகாட்டுக்குப் போனோம். மாமனார் கல்லறைக்கு வெள்ளையடித்த கையோடு, பக்கத்தில் இருக்கும் பழைய துரை ஒருவரின் சமாதிக்கும் அடிப்பது எங்கள் வீட்டு வழக்கம். அன்று பழைய சுண்ணாம்பு பட்டை பட்டையாக உதிர்ந்தது. உள்ளே ஆங்கில எழுத்துகள். என் கணவர் எழுத்துக்கூட்டிப் படித்தார்: திரெலிக்.

“துரைன்னா துரைதான். அவருக்கும் ஒரு பேரு இருக்கும்னு யாரு நெனச்சா?” என்றார்.

வருடா வருடம் அதை மறைத்தது என் கைதான். அந்த அம்மாவின் விலாசத்தைக்கூட நான் கேட்டு வைக்கவில்லை.

இப்போது எழுத்தை விட்டுவிட்டுச் சுற்றிலும் மட்டும் வெள்ளையடிக்கிறேன். கடையில் யார் யாரைத் தேடி வந்தாலும், இல்லை என்று சொல்லுமுன் போன் நம்பர் வாங்கிக்கொள்கிறேன். அந்த அம்மா மட்டும் திரும்ப வரவில்லை.